நில அதிர்வுப் பகுதியில் நிலத்தடி கேபிள் பைப்பைக் கட்டடத்துக்குள் கொண்டுவருவது: சுவரில் கெட்டியாக அடைக்கலாமா?

கானாடுகாத்தான்_வயரிங் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் இருபது வருடமாக வயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். பெரும்பாலும் பழைய செட்டிநாட்டு வீடுகளை ஓட்டலாக மாற்றும் வேலைகள்தான். மரச்சட்டத்துக்குள் ஓடிய பழைய வயரைக் கழற்றிவிட்டுப் புதிதாக இழுப்பது, முற்றத்துக்கு அடியில் பைப் புதைத்து இரண்டாங்கட்டுக்குக் கரண்ட் கொண்டுபோவது, இதெல்லாம் கை பழகிய வேலை.

இப்போது முதல்முறையாகக் கடல் தாண்டி ஒரு வேலை வந்திருக்கிறது. நம் பக்கத்துக்காரர் ஒருவர் போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) பன்னிரண்டு அறை கொண்ட விடுதி கட்டுகிறார். சரிவான இடம். மேல்பக்கம் மண்ணை வெட்டி, கீழ்ப்பக்கம் கொட்டி மட்டம் செய்திருக்கிறார்கள். கட்டடம் வெட்டிய பக்கம் நிற்கிறது. ஜெனரேட்டர் அறையும் மீட்டர் அறையும் கொட்டிய மண்மேல். இரண்டுக்கும் நடுவே 14 மீட்டர். அதில் 120 மி.மீ. டி.டபிள்யூ.சி. பைப் (இரட்டைச் சுவர் பிளாஸ்டிக் பைப்) நான்கு புதைத்து, கடைக்கால் சுவர் வழியாக மெயின் போர்டு அறைக்குள் கொண்டுவர வேண்டும்.

வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரே ஒரு வரி: 'நுழைவில் நெகிழ்வான இணைப்பு தரவும்.' எப்படித் தருவது என்று ஒரு கோடுகூட இல்லை. கொத்தனாரோ, "பைப்பைச் சுத்தி நல்ல கலவையா போட்டு இறுக்கி அடைச்சாத்தான் தண்ணி வராது" என்கிறார். அங்கே மழை வருடத்துக்கு 3,000 மி.மீ. அளவில் பெய்யும் என்பதால் அவர் பயமும் நியாயம்தான். யாராவது இப்படி இடங்களில் வேலை செய்திருந்தால் சொல்லுங்கள்.

பழைய_லைன்மேன்

தம்பி, கொத்தனார் சொல்வதைக் கேளுங்கள். முப்பத்திரண்டு வருடம் லைனில் இருந்தவன் சொல்கிறேன். பைப் சுவருக்குள் போகிற இடத்தில் ஒரு விரல்கடை இடைவெளி விட்டால் போதும், தண்ணீர், எலி, பாம்பு மூன்றும் வரிசையாக வரும். கான்கிரீட் போட்டு மூடி வேலையை முடியுங்கள். ஆர்மர் கேபிளுக்கு (மேலே இரும்புக் கம்பிக் கவசம் உள்ளது) ஒன்றும் ஆகாது.

கட்டுமானக்_கணக்கு

ஐயா சொல்வது நம் ஊருக்கு ஓரளவு ஓடும். அந்தமானுக்கு ஓடாது. நிலநடுக்கத்துக்கான இந்திய விதி ஐ.எஸ். 1893-ன் 2016 பதிப்பில் சிவகங்கை, புதுக்கோட்டை எல்லாம் மண்டலம் 2. அந்தமான் நிக்கோபார் முழுவதும் மண்டலம் 5. கணக்குக்கு எடுக்கும் மண்டலக் காரணி நமக்கு 0.10, அங்கே 0.36. கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. 2002 செப்டம்பர் 13 அன்று வடக்கு அந்தமானில் டிக்லிப்பூர் அருகே 6.5 அளவில் ஒன்று வந்தது. 2004 டிசம்பர் 26 நம் எல்லோருக்கும் தெரியும், 9.1. சுனாமியைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அன்றைக்குப் போர்ட் பிளேர் இருக்கும் தரையே சுமார் ஒரு மீட்டர் இறங்கியது. சிப்பிகாட் பக்கம் வயலாக இருந்த இடத்தில் கடல் தண்ணீர் நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். நிலம் ஆடும்போது கட்டடமும் ஆடும், ஆனால் இரண்டும் ஒன்றாக ஆடாது. கட்டடத்தின் எடை, உயரம், விறைப்பு எல்லாம் சேர்ந்து அதற்கென்று ஓர் அசைவு இருக்கிறது. புதைத்த பைப் மண்ணோடு போகும். சுவருக்குள் மாட்டிய துண்டு கட்டடத்தோடு போகும். மாட்டு வண்டியில் நிற்பவன் ஒரு கையைத் தெருத் தூணில் கட்டிக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான் பைப்புக்கும். நடுவில் எங்கேயும் உடையாது, சுவரின் வெளிமுகத்தில் கத்தரித்தது போலப் போகும். உள்ளே இருக்கும் கேபிளை உடைந்த பைப்பின் விளிம்பும் கான்கிரீட் விளிம்பும் இரண்டு பக்கமும் அழுத்தும். எவ்வளவு கெட்டியாக அடைக்கிறீர்களோ அவ்வளவு கூர்மையான கத்தி.

உங்கள் இடத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு முனை கொட்டிய மண். நிலநடுக்கமே வராவிட்டாலும் அது இரண்டு மழைக்காலத்தில் இறங்கும். பெரிய ஆட்டம் வந்தால் ஒரே நாளில் இறங்கும்.

அமெரிக்கக் கட்டுமான விதியான ஏ.எஸ்.சி.இ. 7, தனித்தனியாக அசையும் பகுதிகளுக்கு நடுவே போகும் லைன்களுக்கு, எதிர்பார்க்கும் அசைவைத் தாங்கும் அளவு நெகிழ்வு இருக்க வேண்டும் என்கிறது. மருத்துவமனை போன்ற முக்கியக் கட்டடங்கள் இளகிய மண்ணில் நின்றால், நிலத்தடி லைன் கட்டடத்தைத் தொடும் இடத்தைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறது. 'நெகிழ்வு தரவும்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது வரைபடம் போட்டவரின் சோம்பல். எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருக்க வேண்டும்.

கானாடுகாத்தான்_வயரிங்

நன்றி சார். அந்த மில்லிமீட்டரை யாரிடம் கேட்பது? எலக்ட்ரிகல் கன்சல்டன்ட் சிவில் ஆளைக் கைகாட்டுகிறார். சிவில் ஆள் "அது உங்க சப்ஜெக்ட்" என்கிறார்.

கட்டுமானக்_கணக்கு

சிவில் ஆளிடம்தான். ஆனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "பைப்புக்கு என்ன போடட்டும்" என்று கேட்டால் நழுவுவார். "கடைக்கால் மட்டத்தில் கட்டடத்துக்கும் பக்கத்து மண்ணுக்கும் பக்கவாட்டில் எவ்வளவு அசைவு எதிர்பார்க்கிறீர்கள், கொட்டிய பக்கம் எவ்வளவு இறங்கும்" என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு எண். பதில் வராமல் போகாது.

தேவகோட்டை_டு_கிறைஸ்ட்சர்ச்

சொந்த ஊர் தேவகோட்டை, இப்போது நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறேன். 2011 பிப்ரவரி 22 மதியம் வந்த நிலநடுக்கத்தைப் பற்றி இங்கே மின்சார வேலையில் இருக்கும் யாரிடம் பேசினாலும் கான்கிரீட் கதை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நகரின் கிழக்குப் பக்கத்துக்குப் போன 66 கே.வி. நிலத்தடி கேபிள்கள் சில, சூடு சீராகப் பரவ வேண்டும் என்பதற்காக மெலிந்த கான்கிரீட் கலவைக்குள் பதிக்கப்பட்டிருந்தன. சாதாரண நாளில் நல்ல யோசனைதான். நிலநடுக்கத்தில் ஆற்றங்கரை மணல் தண்ணீரோடு சேர்ந்து கூழாகி, நிலம் ஆற்றை நோக்கி நழுவியது. அந்தக் கலவை பாளம் பாளமாக உடைந்தது, உள்ளே இருந்த கேபிளும் சேர்ந்து மடங்கியது. பழுது பார்க்கிற நிலையில் இல்லை. அவசரமாகத் தற்காலிக மேல்நிலை லைன் ஒன்றைப் போட்டுத்தான் அந்தப் பக்கத்துக்குக் கரண்ட் கொடுத்தார்கள்.

ஆகவே லைன்மேன் ஐயாவின் 'ஆர்மர் கேபிளுக்கு ஒன்றும் ஆகாது' என்பதை நான் ஏற்கமாட்டேன். கேபிள் தனியாக மண்ணில் கிடந்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதன் கழுத்தைக் கல்லில் பிடித்துவிட்டால் வளைய வழி ஏது?

மணலும் தண்ணீரும் உள்ள இடத்தில் இன்னொரு வேடிக்கை. 1964 ஜப்பான் நீகாட்டா நிலநடுக்கத்தில் புதைத்த தொட்டிகள் மண்ணைப் பிளந்து மேலே மிதந்து வந்தன. காலியான சேம்பர் (கேபிளுக்காக மண்ணில் கட்டும் தொட்டி) கப்பல் மாதிரி. உங்கள் இடம் மலைச்சரிவு என்பதால் அது இல்லாமல் இருக்கலாம். கடலோரத்து நிரப்பு நிலமாக இருந்தால் மண் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் சேம்பர் கட்டாதீர்கள்.

பழைய_லைன்மேன்

நியூசிலாந்து கதை எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நிலநடுக்கம் ஐம்பது வருடத்துக்கு ஒன்று, மழை வருடா வருடம். மெயின் போர்டு அறையில் முழங்கால் தண்ணீர் நின்றால் விடுதிக்காரர் யாரைப் பிடிப்பார்? தம்பியைத்தான். தண்ணீருக்கு வழி சொல்லிவிட்டு நெகிழ்வு பேசுங்கள்.

பேனல்போர்டு_பள்ளத்தூர்

ஐயா கேட்டது சரியான கேள்வி. இரண்டையும் ஒரே பொருளை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பதால்தான் குழப்பமே. தண்ணீரைத் தடுப்பது ஒரு வேலை, அசைவுக்கு இடம் கொடுப்பது வேறு வேலை. நான் குஜராத்தில் ஏழு வருடம் பேனல் வேலை பார்த்தவன். 2001 ஜனவரி 26க்குப் பிறகு கட்ச் பக்கம் கட்டிய கட்டடங்களில் பார்த்ததையும் கையால் செய்ததையும் வைத்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் ஸ்லீவ். சுவரில் பைப்பைப் பதிக்காதீர்கள். அதைவிடப் பெரிய குழாய்த் துண்டைச் சுவரில் பதியுங்கள், பைப் அதற்குள் தொடாமல் போகட்டும். உங்கள் பைப் வெளி விட்டம் 120. சிவில் ஆள் 40 மி.மீ. அசைவு என்று சொன்னால், எல்லாப் பக்கமும் 40 வேண்டும். ஆக உள் விட்டம் 200. இங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள்: கடையில் 200 பி.வி.சி. பைப் என்று வாங்கினால் அது வெளி விட்டம், உள்ளே 200 இருக்காது. 225 வாங்க வேண்டும். தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களுக்கு அமெரிக்க விதியில் ஓர் அளவு இருக்கிறது: மூன்றரை அங்குலம் வரை உள்ள குழாய்க்கு ஓட்டை இரண்டு அங்குலம் பெரிதாக, நான்கு அங்குலமும் அதற்கு மேலும் என்றால் நான்கு அங்குலம் பெரிதாக. நம் கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

நான்கு 225 ஓட்டையைப் பிளிந்த் பீமில் (தரைமட்டக் கான்கிரீட் உத்திரத்தில்) போட நினைக்காதீர்கள், கட்டுமானக்_கணக்கு சண்டைக்கு வருவார். பீமுக்குக் கீழே, கடைக்கால் சுவரில், கம்பி கட்டும்போதே இடம் சொல்லி வைத்துவிட வேண்டும். பிறகு கோர் கட்டர் கொண்டுவந்து கம்பியை அறுக்கிற கதை வேண்டாம்.

இப்போது என் சொந்தக் கருத்து. பைப்பைச் சுவர் வரைக்கும் கொண்டுவரவே வேண்டாம். சுவருக்கு வெளியே ஒரு சேம்பர் கட்டுங்கள். நான்கு பைப்பும் அதற்குள் முடியட்டும். சேம்பரிலிருந்து ஸ்லீவ் வழியாகக் கட்டடத்துக்குள் போவது கேபிள் மட்டும். சேம்பருக்குள் கேபிளை நேராக இழுத்து விறைப்பாக விடாமல் ஒரு தளர்ந்த எஸ் வளைவு விடுங்கள். அமெரிக்க மின் விதியிலும் மண் இறங்கும் இடத்துக்கு எஸ் வளைவைத்தான் குறிப்பாகச் சொல்கிறார்கள். மண் 40 மி.மீ. நகர்ந்தால் வளைவு கொஞ்சம் விரியும், கேபிளுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சேம்பர் அளவு கேபிளைப் பொறுத்தது. 95 ஸ்கொயர் (சதுர மி.மீ.) அலுமினிய ஆர்மர் கேபிள் சுமார் 40 மி.மீ. தடிமன் வரும். வளைவு ஆரம் தடிமனைப் போல 12 மடங்குக்குக் குறையக் கூடாது, அதாவது 480. முழு வட்டம் போட்டால் ஒரு மீட்டர் அகலத்தை அதுவே தின்றுவிடும். நம் ஆட்கள் கட்டும் இரண்டுக்கு இரண்டு அடி சேம்பரில் கேபிளை முறுக்கித் திணித்தால், நிலநடுக்கம் வருவதற்கு முன்பே இன்சுலேஷன் போய்விடும்.

சேம்பருக்கு இடமே இல்லை, பைப் தொடர்ச்சியாகத்தான் வர வேண்டும் என்றால் டிஃப்ளெக்ஷன் கப்ளிங் என்று விற்கிறார்கள். நடுவில் ரப்பர் உறை, இரண்டு பக்கமும் இரும்பு கான்ட்யூட் மாட்டும் கழுத்து. வழக்கமான மாடல்கள் எந்தத் திசையிலும் 19 மி.மீ. விலகலும் 30 டிகிரி சாய்வும் தாங்கும். 19 போதாதே என்பீர்கள். இரண்டு கப்ளிங் போட்டு நடுவில் ஒரு மீட்டர் பைப் விடுங்கள். அந்தத் துண்டு 3 டிகிரி சாய்ந்தாலே 50 மி.மீ.க்கு மேல் இடம் கிடைத்துவிடும். விலைதான் கண்ணைக் கட்டும்.

தண்ணீருக்கு வருகிறேன் ஐயா. கேபிள் பதிப்பதற்கான ஐ.எஸ். 1255 விதியே, கட்டடத்துக்குள் நுழையும் பைப் கட்டடத்திலிருந்து வெளியே சரிந்திருக்க வேண்டும், கட்டடப் பக்க முனையை அடைக்க வேண்டும் என்கிறது. பாதித் தண்ணீர் இந்தச் சரிவிலேயே போய்விடும். சேம்பர் அடியில் வடிகால் வையுங்கள், சரிவான இடம் என்பதால் குழாய் போட்டு வெளியே விட்டுவிடலாம். ஸ்லீவுக்கும் கேபிளுக்கும் நடுவே, ஸ்கூட்டர் முன் ஃபோர்க்கில் கருப்பாக மடிப்பு மடிப்பாக ரப்பர் இருக்குமே, அந்த மாதிரி உறை போட்டு இரண்டு முனையிலும் ஸ்டெயின்லெஸ் கிளிப் இறுக்குங்கள். லிங்க் சீல் என்கிற ரப்பர்க் கட்டைச் சங்கிலியும் உண்டு, தண்ணீரை அருமையாகப் பிடிக்கும். ஆனால் சின்ன அசைவுக்குத்தான் சரி, 40 மி.மீ.க்கு ஆகாது. டி.டபிள்யூ.சி. பைப்பின் வெளிப்புறம் வரிவரியாக இருப்பதால் அதன்மேல் உட்காரவும் உட்காராது. உட்பக்கம் மிருதுவான டக்ட் புட்டி (பைப் வாயை அடைக்கும் பசை) வையுங்கள். சிமெண்ட் வேண்டாம். நுரை ஸ்ப்ரேயும் வேண்டாம், அது காய்ந்தால் கட்டை மாதிரி ஆகிவிடும், நுண்ணிய துளை வழியாகத் தண்ணீரும் விடும்.

பெரிய ஆட்டத்தில் அந்த ரப்பர் கிழியலாம். கிழியட்டும். உறை புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

பேனல்போர்டு_பள்ளத்தூர்

ஒன்றை விட்டுவிட்டேன். ஸ்லீவைத் தாண்டி உள்ளே வந்தவுடன் சுவரிலேயே கேபிளுக்குக் கிளாம்ப் அடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அடித்தால் வெளியே விட்ட தளர்வு உள்ளே வராது. முதல் கிளாம்ப் தள்ளி இருக்கட்டும், பேனல் கிளாண்டுக்கு (கேபிள் பேனலுக்குள் நுழையும் பிடிக்கு) கீழேயும் ஒரு தொய்வு விடுங்கள். பேனலைத் தரையில் போல்ட் போட்டு, தலையைச் சுவரிலும் பிடியுங்கள். பேனல் சாய்ந்தால் கேபிள் தப்பித்து என்ன பயன்.

ஆச்சிவீட்டுப்_பேத்தி

நான் எலக்ட்ரிகல் ஆள் இல்லை, வீட்டை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருப்பதால் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வளவில் நிற்கும் தூணெல்லாம் பர்மாத் தேக்கு. 2025 மார்ச் 28 அன்று மாண்டலே பக்கம் 7.7 வந்த செய்தியைப் பார்த்துவிட்டு எங்கள் ஆச்சி, "நம்ம மரம் வந்த ஊருடி" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அங்கே இந்த மாதிரி ஸ்லீவ் போட்டிருந்தால் கேபிள் எல்லாம் தப்பித்திருக்குமா? நம் ஊரில் நாங்களும் போட வேண்டுமா? காரைக்குடியில் நிலநடுக்கம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கட்டுமானக்_கணக்கு

முதல் கேள்விக்கு: இரண்டு வகை அசைவு இருக்கிறது. நிலம் ஆடுவதால் கட்டடத்துக்கும் மண்ணுக்கும் நடுவே வரும் சில அங்குல விலகல், அதற்குத்தான் இந்த ஸ்லீவும் வளைவும். மியான்மரில் மாண்டலே பக்கம் ஓடும் சகாயிங் என்ற நிலப் பிளவு அன்றைக்கு 400 கி.மீ.க்கு மேல் நீளத்துக்குக் கிழிந்தது. கிழிந்த கோட்டின் இரண்டு பக்கமும் மீட்டர் கணக்கில் எதிரெதிரே நகர்ந்தன. அந்தக் கோட்டைக் குறுக்கே கடக்கிற கேபிளுக்கு எந்த ரப்பரும் காவல் இல்லை. கோட்டிலிருந்து தள்ளி இருக்கும் கட்டடங்களுக்குத்தான் நாம் பேசுவது பொருந்தும்.

இரண்டாவது: தமிழ்நாட்டில் நிலநடுக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவில் வந்தது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அருகே கடலில் 5.5 வந்து சென்னை வரை உணர்ந்தார்கள். ஆனால் செட்டிநாட்டுக்கு நிலநடுக்கத்தை நினைத்து 40 மி.மீ. இடம் விடச் சொன்னால் அது பணத்தை வீணடிக்கும் ஆலோசனை. உங்கள் வீடு செம்புறாங்கல் தரையில் நிற்கிறதா, நிரப்பிய மண்ணில் நிற்கிறதா என்று பாருங்கள். செம்புறாங்கல் என்றால் சாதாரண ஸ்லீவ் போதும்.

பழைய_லைன்மேன்

நிரப்பிய மண் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கேலி செய்யுங்கள்.

பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். நம் பக்கம் ஒரு பெரிய வீடு, பெயர் வேண்டாம். பின்கட்டுக்குப் பின்னால் ஊருணிக் கரையை ஒட்டி மண் கொட்டி உயர்த்தி, அதன்மேல் டிரான்ஸ்ஃபார்மர் மேடையும் ஜெனரேட்டரும் வைத்தார்கள். அங்கிருந்து வீட்டுக்கு இரும்பு பைப். சுவரில் இறுக்கி அடைத்தது நான் சொல்லித்தான். ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பியது, மேடை நான்கு விரல் இறங்கியது. கார்த்திகையில் பிரேக்கர் விழ ஆரம்பித்தது. போட்டால் விழும், போட்டால் விழும். கேபிள் கம்பெனிச் சரக்கு மட்டம் என்று எல்லோரும் திட்டினோம். தோண்டிப் பார்த்தால் பைப் சுவர் ஓரத்தில் வாய் பிளந்து நிற்கிறது, அந்த விளிம்பு கேபிளை அறுத்து ஆர்மர் கம்பி வெளியே தெரிகிறது. எலி கடித்ததாகத்தான் அப்போது எழுதிக்கொடுத்தோம்.

கணக்குக்காரர் சொன்ன கத்தி அதுதான் போல.

தேவகோட்டை_டு_கிறைஸ்ட்சர்ச்

ஐயா, இதைத்தான் முதல் பதிவிலேயே எதிர்பார்த்தேன் :) எலி பாவம்.

கானாடுகாத்தான்_வயரிங்

எல்லோருக்கும் நன்றி. சிவில் ஆள் பதில் கொடுத்துவிட்டார்: பக்கவாட்டில் 40, கொட்டிய பக்கம் இறக்கம் 25. ஆக 225 ஸ்லீவ். சேம்பர் முறையில்தான் போகப்போகிறேன். ஒரு சந்தேகம். எர்த் பட்டை 50க்கு 6 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு). அதையும் இதே சுவர் வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். அது வெறும் இரும்புப் பட்டைதானே, அதை மட்டும் சுவரில் பதித்துவிடலாமா?

பேனல்போர்டு_பள்ளத்தூர்

கூடவே கூடாது. சொல்லப்போனால் அதுதான் முதலில் போகும். கேபிளாவது முறுக்குக் கம்பி, வளையும். பட்டை நேராக விறைத்து நிற்கும், இழுத்தால் வெல்டிங்கில் விட்டுவிடும். கேபிள் அறுந்தால் விளக்கு அணையும், உடனே தெரியும். எர்த் அறுந்தால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், யாருக்கும் தெரியாது. ஈரத் தரையில் நிற்கிற ஆள் வாஷிங் மெஷினைத் தொட்டால்தான் தெரியும்.

பட்டையை இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டு, நடுவில் முறுக்குச் செம்புக் கம்பியோ பின்னிய பட்டையோ தொய்வாக விட்டு போல்ட் போடுங்கள். ஜி.ஐ.யும் செம்பும் நேராகத் தொட்டால் அந்தக் கடல் காற்றில் சீக்கிரம் அரித்துவிடும், தகரம் பூசிய செம்பும் பைமெட்டல் வாஷரும் போடுங்கள். சேம்பர் மூடியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும், வருடம் ஒருமுறை பார்க்கலாம். இரும்புக் கான்ட்யூடில் டிஃப்ளெக்ஷன் கப்ளிங் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும்: ரப்பர் வந்த இடத்தில் எர்த் தொடர்ச்சி போய்விடும், உள்ளேயே பின்னிய செம்பு இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தேவகோட்டை_டு_கிறைஸ்ட்சர்ச்

எர்த் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துவிடுகிறேன். 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்தில், காரணம் கண்டுபிடிக்க முடிந்த தீ விபத்துகளில் பாதிக்கு மேல் மின்சாரம் சம்பந்தப்பட்டவை. அதில் நிறைய, ஆடும்போது பற்றியவை இல்லை. கரண்ட் திரும்ப வந்தபோது, நசுங்கிய வயரும் கவிழ்ந்த ஹீட்டரும் பற்றிக்கொண்டவை. அதற்குப் பிறகு ஜப்பானில் ஆட்டம் தெரிந்தால் தானாக மெயினை வெட்டும் பிரேக்கர்கள் வந்தன. விடுதிக்கு அது கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ஜெனரேட்டர் ஆட்டோவில் இருக்கிறதே, அதை யோசியுங்கள். ஆட்டம் நின்ற பத்து வினாடியில் அது தானாக ஓடி, உடைந்த லைனில் கரண்ட் ஏற்றிவிடும். பெரிய ஆட்டத்துக்குப் பிறகு கையால் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்காமல் ஏற்றக் கூடாது என்று பேனல் கதவில் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆச்சிவீட்டுப்_பேத்தி

எங்கள் கேபிள் பைப்பும் ஊருணிப் பக்கம்தான் போகிறது. நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தோண்டிப் பார்க்கச் சொல்கிறேன். லைன்மேன் ஐயா, அந்த வீடு எங்கள் வீடு இல்லையே?

பழைய_லைன்மேன்

இல்லை ஆத்தா. உங்கள் ஊர் இல்லை.

கானாடுகாத்தான்_வயரிங் (ஏழு வாரம் கழித்து)

வேலை முடிந்து நேற்றுத்தான் ஊர் திரும்பினேன். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

சேம்பர் உள் அளவு ஒன்றரை மீட்டருக்கு ஒன்றே கால் மீட்டர். விடுதிக்காரர், "கேபிளுக்கு இவ்வளவு பெரிய அறையா, வாடகைக்கு விடலாம் போலிருக்கே" என்றார். 225 ஸ்லீவ் நான்கு, எல்லாம் பிளிந்த் பீமுக்குக் கீழே, வெளியே சரிவாக. கேபிள் எஸ் வளைவு பார்க்க அழகாக வந்திருக்கிறது. மூன்று ஸ்லீவில் கேபிள், ஒன்று பிற்காலத்துக்குக் காலி, மூடி போட்டிருக்கிறேன். ரப்பர் உறை ஊரிலிருந்தே செய்து எடுத்துக்கொண்டு போனேன், கப்பலில் ஒரு மூட்டை தொலைந்து பிறகு கிடைத்தது, அது தனிக்கதை. எர்த் இணைப்பு பேனல்போர்டு அண்ணன் சொன்னபடியே. ஜெனரேட்டர் ஆட்டோ ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போர்டும் மாட்டியாயிற்று.

நான் இருந்த நாட்களிலேயே நல்ல மழை இரண்டு தடவை பெய்தது. சேம்பர் வடிகாலில் தண்ணீர் ஓடியது, மெயின் போர்டு அறை காய்ந்தே இருந்தது. ஐயாவுக்காகத் தனியாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. ஸ்லீவ் பதித்த மறுநாள் நான் கேபிள் டிரம் இறக்கப் போயிருந்த நேரத்தில், கொத்தனார் பழக்கதோஷத்தில் ஒரு ஸ்லீவுக்குள் பைப் துண்டு ஒன்றைச் சொருகிச் சுற்றிலும் கலவை போட்டுப் பளபளவென்று பூசிவிட்டார். "எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க" என்று கூப்பிட்டும் காட்டினார்.

பழைய_லைன்மேன்

உடைத்தது கேபிள் போட்ட பிறகா, முன்பா?

கானாடுகாத்தான்_வயரிங்

முன்பு ஐயா. அன்று சாயங்காலமே உளி வைத்து அவரே எடுத்தார். அரை நாள் என்னோடு பேசவில்லை.